தங்கத் தண்ணீர் சொன்ன எண்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில், ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு மனுஷனின் பெயர் கெட்டதே போதும், ஊரையும் சேர்த்து இழுப்பானேன். அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் அன்னம்மாள் பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களிடம் நேரமில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். ரத்தமோ சளியோ எது வந்தாலும் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்துக்கு டாக்டர் பிரிட்சர்ட் மறுபேச்சு பேசமாட்டார். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தக் கர்வத்தில் பாதி தங்கத் தண்ணீரால் வந்தது. தங்க உப்பைச் சுத்தமான வடிநீரில் கரைத்து, கொதிக்கும் பதத்தில் ஃபார்மலின் சொட்டினால், தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்குத் திரும்பும். உள்ளே தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடியாக மிதக்கும். நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரை இந்தத் தண்ணீரோடு பத்துக் குழாய்களில் கலந்து வைத்தால், மறுநாள் சில குழாய்கள் சிவப்பாகவே இருக்கும், சில நீலமாகும், சில நிறமே இழந்து வெளுத்துவிடும். சிவப்புக்குப் பூஜ்யம், வெளுப்புக்கு ஐந்து. பெண் சகவாசத்தால் தொற்றும் மேகவியாதி மூளைக்கு ஏறியிருந்தால் முதல் நாலு குழாயும் வெளுத்துப் போகும். ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டாம், நாடி பிடிக்க வேண்டாம், எண்ணைப் பார்த்தால் போதும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

இந்தத் தண்ணீரைச் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. இம்மி உப்பு சேர்ந்தாலும் தங்கப் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துவிடும். கனத்த பொடி தொட்டதற்கெல்லாம் நிறம் மாறும், நோய் இல்லாத நீருக்கும் நோய் இருக்கிறதென்று சொல்லும். அதனால் கிணற்று நீரை மூன்று முறை காய்ச்சி வடிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கத்துக் கிணறுகளோ தோல் பதனிடும் ஷாப்புகளின் உப்பைக் குடித்துக் குடித்துக் கரித்துப் போனவை. எந்தக் கிணறு எந்த மாதத்தில் எவ்வளவு கரிக்கும் என்று அங்கே பிறந்தவர்களுக்கு நாக்கிலேயே கணக்கு இருக்கும். அன்னம்மாளுக்கும் இருந்தது.

1934ஆம் வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் ஓடியது, அதிசயமாக ஆஸ்பத்திரிக் கிணறு தித்தித்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்த அன்னம்மாள், இந்தத் தண்ணீருக்கு இரண்டு முறை வடித்தாலே ஜாஸ்தி என்று முடிவு செய்தாள். விறகும் ஈரம். இரண்டு முறை வடித்து, மழை விட்ட காலையில் தங்கத் தண்ணீர் செய்து, வழக்கம்போல ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அருமையான சிவப்பு. மூன்று புட்டிகளில் ஊற்றி, மூடிக்கு மெழுகு வைத்து, தேதி எழுதி அலமாரியில் அடுக்கினாள்.

அதே மாதம் சத்தார் வந்தான். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிய தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன். நாற்பது வயது, ஒல்லி உடம்பு, சிரித்த முகம் என்று எல்லோரும் சொல்வார்கள். மாட்டைக் கொல்லும் அடைப்பான் நோய் கண்ட ஊர்களிலிருந்து வரும் பச்சைத் தோலை, கிருமி சாவதற்காக, பாதரச உப்பு கரைத்த தொட்டியில் முக்கி எடுப்பது அவன் வேலை. அந்தத் தொட்டியில் முழங்கை வரைக்கும் கைவிட்டு மூன்று வருஷம் நின்றிருக்கிறான். இப்போது கை நடுங்கியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்தது. பேச்சு குழறியது. தொழுகையில் எத்தனை முறை குனிந்தோம் என்று மறந்துபோய் நடுவில் நின்று அழுதான். கூட வேலை செய்கிறவனை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அறைந்துவிட்டான். அவன் மனைவி மஹ்பூபிதான் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

தொட்டித் தண்ணீர்தான் தன்னைப் பிடித்திருக்கிறது, பல்கூட ஆடுகிறது என்று சத்தார் டாக்டரிடம் சொன்னான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டினார், மேலே கேள்வி கேட்கப் போய்விட்டார். நடுக்கம், குழறல், மறதி, கோபம் நாலும் சேர்ந்தால் அவருடைய புத்தகத்தில் முதலில் வரும் பெயர் மேகவியாதி. சென்னைக்கு அனுப்பிய ரத்தத்துக்கு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று பதில் வந்தது. அப்புறம் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் அன்னம்மாளிடம் வந்தது.

மறுநாள் காலை பத்துக் குழாய்களையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து எண் எழுதினாள். ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். புத்தகத்தில் அச்சடித்ததுபோல அப்படியே இருந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு எண் வந்து அவள் பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி ரகசியம் மதிலைத் தாண்ட அரை நாள் கூடப் பிடிக்காது. சத்தாருக்குக் கெட்ட நோய், ரயிலடிப் பக்கம் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று சாயங்காலமே தோல் ஷாப்பு முழுக்கப் பேச்சு. ஆம்பூரிலிருந்து மஹ்பூபியின் அண்ணன் அப்துல் ஹமீத் ஜட்கா வண்டியோடு வந்து இறங்கினார். சத்தார் குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றான். புத்தி பேதலித்தவன் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்று அப்துல் ஹமீத் திரும்பிக்கொண்டார். மஹ்பூபி மட்டும் உடனே வண்டி ஏறவில்லை. பரிசோதனை அறை வாசலுக்கு வந்து, முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பதினாறு வருஷமா அவரோட இருக்கேன். அந்த மாதிரி ஆளு இல்ல அவரு. உங்க தண்ணி தப்பா சொல்லுமா? நீங்க சொன்னா நான் நம்புறேன்."

அன்னம்மாள் கையில் இருந்த குழாயைத் துடைத்து வைத்தாள். அவள் கொஞ்சம் தயங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாதம்மா, இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு வாயில் இடமில்லாமல் போயிற்று.

"மனுஷங்க தப்பா சொல்வாங்கம்மா. இது தங்கம். இதுக்கு இன்னார் இனியார்னு தெரியாது."

மஹ்பூபி வாசலிலிருந்து இறங்கினாள். பிறகு போய் ஜட்காவில் ஏறிக்கொண்டாள், சத்தார் படுத்திருந்த வார்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நோய்க்கு அந்நாளில் இருந்த வைத்தியம் கேட்கிறவர்களுக்குக் கட்டுக்கதையாகத் தோன்றும். ஒரு நோயை விரட்ட இன்னொரு நோயை உள்ளே விடுவார்கள். மலேரியா கண்ட ஒருவனின் ரத்தத்தை எடுத்து இவனுக்கு ஏற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து கட்டிலே ஆடும், பிறகு உடம்பு கொதிக்கும். இப்படிப் பத்துக் காய்ச்சல் தாங்கினால் மூளையில் இருக்கும் கிருமி வெந்து செத்துவிடும், அப்புறம் கொய்னா கொடுத்து மலேரியாவை நிறுத்திவிடலாம். பலர் பிழைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். உள்ளே கிருமி இருந்தவர்களுக்கு அது வைத்தியம். இல்லாதவனுக்கு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காய்ச்சல் நாட்களில் ரத்தச் சொட்டு எடுத்து மலேரியா எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பது அன்னம்மாளின் வேலை. விரலில் ஊசி குத்தும்போதெல்லாம் சத்தார் ஒரே கேள்விதான் கேட்டான், மஹ்பூபி வந்தாளா என்று. மூன்றாவது காய்ச்சலின்போது வார்டுக்காரர்கள் ஆம்பூருக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அவர் முகத்தில் இனி விழிக்கமாட்டேன் என்று மஹ்பூபியிடமிருந்து பதில் வந்தது. அதை யாரும் சத்தாரிடம் சொல்லவில்லை. அவனும் கேட்பதை விடவில்லை. அன்னம்மாளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. செய்வதையும் செய்துவிட்டுப் பெண்டாட்டியைத் தேடுகிறானே என்று நினைத்தாள்.

ஆறாவது காய்ச்சல் முடிந்த மறுநாள், டாக்டர் வீட்டுச் சமையல்காரரின் மகள் சுந்தரிக்கு ஜுரம் வந்து கழுத்து விறைத்தது. ஒன்பது வயதுப் பெண். மூளைக்காய்ச்சலோ என்று பயந்து டாக்டர் முதுகு நீர் எடுத்தார். மறுநாளே ஜுரம் இறங்கி, பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. எடுத்த நீர் இருக்கிறதே என்று அன்னம்மாள் தங்கத் தண்ணீரிலும் கலந்து வைத்திருந்தாள். காலையில் வந்து பார்த்தால் முதல் நாலு குழாய்களும் வெளுத்துக் கிடந்தன. ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். ஒரு எண் கூடப் பிசகவில்லை.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மேகவியாதி என்று தங்கம் சொல்கிறது. ஒரு கணம்கூட அவள் அதை நம்பவில்லை. சாட்சி கேட்கவில்லை, குர்ஆனையோ பைபிளையோ தேடவில்லை. தண்ணீர்தான் தப்பு என்று உடனே தெரிந்துவிட்டது. இதே எண் ஒரு தோல் ஷாப்புக்காரன்மேல் வந்தபோது இந்த அறிவு எங்கே போயிருந்தது? இந்தக் கேள்வி அன்று அவளுக்குள் வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. குழாய் அழுக்காக இருந்திருக்கும் என்று எல்லாக் குழாய்களையும் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். சுந்தரியின் நீர் மிச்சத்தை எடுத்து மறுபடி கலந்து வைத்தாள். மறுநாளும் அதே எண். பதினோரு வருஷக் கையெழுத்து ஆடுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு நாளில் வார்டில் சத்தாருக்கு ஏழாவது காய்ச்சல் வந்து போயிற்று.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். பிரிட்சர்ட் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். சுந்தரியின் நீரில் ஏதோ கலந்திருக்கும், அல்லது புட்டி திறந்து நாளாகி இப்போது கெட்டிருக்கும், சத்தாரைப் பரிசோதித்த அன்று தங்கம் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்றார். இப்போது காய்ச்சலை நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண், பாதி வைத்தியம் வைத்தியமே இல்லை என்றார். தங்கம் அன்றைக்கே கெட்டுத்தான் இருந்தது என்று காட்டினால் உடனே கொய்னா கொடுக்கிறேன் என்று முடித்தார்.

கண்ணுக்குத் தெரியாத பொடி பெரிதா சிறிதா என்று எப்படிக் காட்டுவது? அதற்கு வழி டாக்டரே படிக்கக் கொடுத்திருந்த ஒரு சீமைச் சஞ்சிகையில் இருந்தது. ஸ்வீடன் தேசத்தில் ஒரு ராட்சசச் சுழல் இயந்திரம் செய்திருக்கிறார்கள். அதில் தங்கத் தண்ணீரை வைத்துச் சுழற்றினால் பொடியெல்லாம் அடிப்பக்கம் விழ ஆரம்பிக்கும். பெரிய பொடி வேகமாக விழும், சிறிய பொடி மெதுவாக விழும். சிவப்பின் மேல்விளிம்பு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளந்தால் பொடியின் பருமன் கணக்கில் வந்துவிடும். பருமன் இரட்டித்தால் விழுகிற வேகம் நாலு மடங்கு. அன்னம்மாள் அந்தப் பக்கத்தை முன்பே நாலைந்து முறை படித்து, நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று மூடி வைத்திருந்தாள்.

ராட்சசன் இல்லாவிட்டால் என்ன, மூத்திரம் தெளியவைக்கும் கைராட்டினம் அறையில் இருந்தது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே குழாய்கள் நாற்பது சுற்று சுற்றும். மூன்று புட்டிகளில் ஒன்று இன்னும் திறக்கப்படவே இல்லை, செய்த அன்று வைத்த மெழுகு அப்படியே இருந்தது. அதை டாக்டர் கண்முன் உடைத்தாள். போன தை மாதம் செய்து சரியாக வேலை பார்த்த பழைய தண்ணீர் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் பழசு, எதிர்ப்பக்கம் புதுசு. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நொடிக்கு ஒரு சுற்றாக, வேகம் கூடாமல் குறையாமல், பன்னிரண்டு நிமிஷம் சுற்றினாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. டாக்டர் நான் சுற்றுகிறேன் என்று கை நீட்டினார். வேகம் மாறிவிடும் என்று கொடுக்கவில்லை.

குழாய்களை எடுத்து வெள்ளைக் காகிதத்தின்மேல் பிடித்தார்கள். பழைய தண்ணீரில் சிவப்பு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. புதியதில் முப்பத்திரண்டு. மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தண்ணீர் நின்றது, அடியில் கருநீலமாக ஒரு கசடு. அன்னம்மாள் காகிதத்திலேயே கணக்குப் போட்டாள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், நல்ல பொடி இருபத்தைந்து பங்கு. கெட்ட பொடி எண்பதுக்குமேல். மூன்று மடங்குக்கும் அதிகம். மூன்றாம் முறை வடிக்காமல் விட்ட உப்பால் பிறந்த அன்றே கனத்துப் போன தங்கம்.

தன் கண்ணுக்கு அது எப்படிச் சிவப்பாகத் தெரிந்தது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. வெள்ளைக் காகிதத்தின்மேல் அந்தத் தண்ணீர் நீலம் பாய்ந்து, கழுவாத மைக்கூடு போல இருந்தது. தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள், ரோஜா. மறுபடி காகிதத்தின்மேல் வைத்தாள், நீலம். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம், தோல் ஷாப்பு முற்றத்தில், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வரிசை வரிசையாகத் தொங்கியது. வெயில் அதில் பட்டு செம்பழுப்பாக அறைக்குள் வந்தது. மழை விட்ட அன்று ஒரு வாரத்துத் தோலையும் சேர்த்துக் காயப்போட்டிருந்தார்கள், ஜன்னலை மறைக்கும் அளவுக்கு. அந்த வெளிச்சத்தில் எதைப் பிடித்தாலும் சிவக்கும். பதினோரு வருஷமாக அந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

டாக்டர் எழுந்து நேரே வார்டுக்குப் போனார். அன்றைக்கே கொய்னா ஆரம்பமானது. ஆனால் எட்டாவது காய்ச்சல் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. ஏழாவதிலேயே சத்தாரின் இதயம் தளர்ந்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஏழாவது எது என்று அன்னம்மாளுக்குத் தெரியும். அவள் குழாய் கழுவிக்கொண்டிருந்த நாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சத்தார் இறந்தான். உடம்பை வாங்க ஆம்பூரிலிருந்து யாரும் வரவில்லை. பள்ளிவாசல் மோதினாரும் அவர் மகனும், தோல் ஷாப்பில் அவனோடு தொட்டியில் நின்ற ஹபீப் என்பவனும் வந்து, குளிப்பாட்டி, எடுத்துப் போனார்கள். பிணம் வைத்த சந்தூக்கைத் தூக்க நாலாவது ஆள் கிடைக்காமல் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் காசி தோள்கொடுத்தார். கெட்ட நோய்க்காரனின் பிணத்தைத் தொட அவ்வளவு பயம்.

அந்த ஹபீபுக்கும் கை நடுங்குவதை அன்னம்மாள் அன்றுதான் கவனித்தாள். விடவில்லை. மறுவாரம் டாக்டரைக் கெஞ்சி அவன் முதுகு நீர் எடுக்க வைத்தாள். மூன்று முறை வடித்துப் புதிதாகச் செய்து, ராட்டினத்தில் அளந்து பார்த்த தங்கத் தண்ணீரில் கலந்தாள். பத்துக் குழாயும் பூஜ்யம். ஹபீபின் பற்களும் ஆடின, ஈறில் கருங்கோடு ஓடியிருந்தது. பாதரசம். சத்தார் முதல் நாளே தன் வாயாலேயே சொன்னது. கேட்கக் காது இருந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் பேசினார். தோல் ஷாப்பு முதலாளிக்கு எழுதப்போகிறேன், ஹபீபைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். சத்தார் விஷயத்தை மட்டும் வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் இனி இந்தப் பக்கத்தில் ஒருவனும் ஊசி போட்டுக்கொள்ள வரமாட்டான், பிழைக்கக்கூடியவர்களும் வீட்டிலேயே சாவார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அன்னம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். நாலு நாள் வழக்கம்போல வேலை பார்த்தாள். ஐந்தாம் நாள் காலை ரயிலில் ஆம்பூர் போய் இறங்கினாள். சத்தார் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அப்துல் ஹமீதின் வீட்டு உள்முற்றத்தில் மஹ்பூபி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். புருஷன் செத்தவள் வளையலைக் கழற்றி, நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருக்க வேண்டும். அந்த மாதிரி புருஷனுக்கு எதற்கு இத்தா என்று அண்ணன் சொல்லிவிட்டார், அக்கம்பக்கமும் சரி என்றது. மஹ்பூபியும் மறுக்கவில்லை. அன்னம்மாளைப் பார்த்ததும் எழுந்து பாய் விரித்தாள். என்ன இவ்வளவு தூரம் என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

அன்னம்மாள் பாயில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கிணறு தித்தித்ததிலிருந்து ஜன்னல், சுந்தரி, ராட்டினம், ஹபீபின் பல் வரைக்கும். குழாய் கழுவிக்கொண்டிருந்த அந்த ஒரு நாளையும் விடாமல் சொன்னாள். மஹ்பூபிக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முறம் மட்டும் அவள் கையில் அசையாமல் இருந்தது.

"அப்போ அவரு எங்கியும் போகல."

"போகலம்மா. அவருக்கு அந்த நோயே இல்ல. நான் சொன்னதுதான் தப்பு."

மஹ்பூபி முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "என்னயக் கூப்ட்டாரா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் இவளுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று அன்னம்மாளுக்குத் தோன்றியது. நினைவே இல்லாமல் போனார் என்று சொன்னால் யார் வந்து சரிபார்க்கப்போகிறார்கள். ஆனால் தன் வாயால் இவளுக்கு இனி ஒரு தப்பான வார்த்தை சொல்ல அவளால் முடியவில்லை.

"ஊசி குத்துறப்பெல்லாம் கூப்ட்டாரு. கடைசியா வெள்ளிக்கிழமை, ஜும்ஆ பாங்கு கேட்டப்போ கூப்ட்டாரு. அதுக்கப்புறம் பேசலம்மா."

"வெள்ளிக்கிழமை." மஹ்பூபி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்குத்தான் அண்ணன் பொண்ணுக்கு நிச்சயம். வளையக்காரர் வந்தாரு. எல்லாரும் போட்டுக்கினாங்க. நீ இன்னாத்துக்குச் சும்மா இருக்கேன்னாங்க, நானும் போட்டுக்கினேன்."

அப்படியே உட்கார்ந்து, வலது கை வளையல்களைப் படிக்கல்லில் ஓங்கி அடித்தாள். பிறகு இடது கை. கழற்றக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. மணிக்கட்டில் ரத்தம் வந்தது. சத்தம் கேட்டு வெளியறையிலிருந்து அப்துல் ஹமீத் ஓடிவந்து, என்ன இது, யாருக்காக இது என்று அதட்டினார்.

"என் வூட்டுக்காரருக்கு. இன்னிலேர்ந்து நாலு மாசம் பத்து நாளு."

அவர் அன்னம்மாளைப் பார்த்தார். அன்னம்மாள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இரண்டாவது முறை இன்னும் கஷ்டமாக இருந்தது. வாய்ப்பேச்சை ஜமாஅத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள், எழுதித் தர முடியுமா என்று அவர் கேட்டார். குரலில் பழைய அதட்டல் இல்லை. எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும். பதினோரு வருஷ வேலை, அதை விட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. காகிதம் கேட்டு வாங்கி, சத்தாருக்கு மேகவியாதி இல்லை, பரிசோதனை செய்த என்னுடைய பிழையால் அவர் இறந்தார் என்று தமிழில் எழுதி, தேதியும் போட்டுக் கையெழுத்திட்டாள். அப்துல் ஹமீத் அதை இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு, சந்தூக்கைத் தூக்கக்கூட நான் போகவில்லையே என்று சொல்லி, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மஹ்பூபி அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டிருந்தாள். அன்னம்மாள் அந்த வாசல்வரைக்கும் போனாள். ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று போனாள். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட அவளுக்குத் துணிச்சல் இல்லை. இருட்டறையில் மஹ்பூபி வெள்ளைத் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"அண்ணா," என்றாள் அவள் உள்ளிருந்தபடியே, "அவங்கள அனுப்பிடு. இது இத்தா இருக்கிற வூடு."